காய்ச்சல் கண்ட பெட்டியும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1991 முதல் 94 வரை இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன் நான். இப்போது ராஜபாளையத்தில் சிறிய அளவில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை செய்து வருகிறேன். மில், கடை, லாட்ஜ், பள்ளிக்கூடம் என்று ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே என் பிழைப்பு ஓடுகிறது. சங்கச் செயலாளர் போன் செய்து, "பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். சாதித்த கதை சொல்ல என்னைவிடப் பெரியவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். அதனால் நான் சறுக்கிய கதையைச் சொல்கிறேன். அதில் நம் இயற்பியல் ஆய்வுக்கூடமும் வருகிறது.

முதலில் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வழி பிரித்து அனுப்புகிற பெட்டிக்கு ரூட்டர் என்று பெயர். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியும் அந்தக் குடும்பம்தான். இவற்றில் பலவற்றில் ஃபேன் கிடையாது. காரணம் இருக்கிறது. ஃபேன் சுற்றுகிற பொருள். ஒருநாள் தேய்ந்து நிற்கும். அது நிற்கும்வரை வெளியே இருக்கிற தூசியை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகையால் ஃபேனை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சிப்பின் சூட்டை அலுமினியத் தகடுகள் வழியாக வெளிக்காற்றுக்குக் கடத்தி விடுகிறார்கள். சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஹீட் சிங்க்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நடுவில் முற்றம் இருக்கும். உள்ளே சூடான காற்று லேசாகி மேலே போகும். அந்த இடத்துக்குத் திண்ணைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். கரண்ட் பில் கிடையாது. அந்தத் தகடுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இந்த யோசனைக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னோடி உண்டு. 1984 ஆகஸ்டில் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறை வேண்டும். கரண்டே ஒழுங்காக வராத கிராமத்தில் ஏ.சி.க்கு எங்கே போவது? சி-டாட் பொறியாளர்கள் ஏ.சி. இல்லாமலே ஓடுகிற 128 இணைப்பு கொண்ட கிராமிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தார்கள். 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிறுவப்பட்டது. பிறகு நாடெங்கும் கிராமங்களுக்குப் போன் கொண்டுபோனது அந்தப் பெட்டிதான். கருவியின் மின்செலவைக் குறை, சூடு குறையும்; சூடு குறைந்தால் ஏ.சி. வேண்டாம். அதுதான் அதன் சூட்சுமம். இன்றைக்கு ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் இழுக்கிறார்களே, அதன் முனையில் வைக்கிற கருவிக்கும் இந்த விதி பொருந்தும்.

இனி என் கதை.

2018-இல் ராஜபாளையம் பகுதியில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவுச் சுவரில் ஒரு ரூட்டர் மாட்டிக் கொடுத்தேன். ரிங் ஃபிரேம் ஓடுகிற கணக்கும், தொழிலாளர் வருகைப் பதிவும் அதன் வழியாக ஆபீசுக்குப் போகும். பெட்டி இழுப்பது 12 வாட். அறைச் சூடு 34 டிகிரி இருக்கும்போது உள்ளே சிப் 58 டிகிரி காட்டியது. அதாவது அறையைவிட 24 டிகிரி கூடுதல். ஒரு வாட்டுக்கு 2 டிகிரி. நல்ல கணக்கு. கை குலுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து போன். "பெட்டி அடிக்கடி நின்னு நின்னு வருது சார். ஒரு ஷிஃப்ட் வருகைப் பதிவே விழலை." போய்ப் பார்த்தால் சிப் 84 டிகிரி! நான் என்ன செய்தேன்? பெட்டியில் கோளாறு என்று முடிவு கட்டி, மில் செலவில் புதுப் பெட்டி வாங்கி மாட்டினேன். புதுப்பெட்டி 58-க்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு வாரம் கழித்து அதுவும் 80-ஐத் தாண்டியது.

இரண்டு பெட்டி அடுத்தடுத்துக் கெடுமா? அப்படியானால் கரண்டில்தான் கோளாறு. யோசிக்காமல் மேனேஜருக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். "மின்சப்ளையில் ஏற்றத்தாழ்வு, எர்த்திங் திருப்தியாக இல்லை" என்று இரண்டே வரி. வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. 

அந்த மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். எர்த்திங் அவர் பொறுப்பு. அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அந்த வருஷத்து இன்க்ரிமென்ட்டை நிறுத்தி வைத்தார்கள். நான் எழுதிய இரண்டு வரி ஒரு மனிதரின் சம்பளத்தில் கை வைத்தது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த முறை போனபோது அவரே என்னைத் தேடி வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னைக் கையைப் பிடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார்.

"தம்பி, இதத் தொட்டுப் பாரு."

தொட்டேன். வெந்நீர்ச் சட்டி மாதிரி இருந்தது.

"கம்பளியப் போத்திக்கிட்டு அக்னி நட்சத்திர வெயில்ல நின்னா யாருக்குத் தம்பி வேர்க்காது? கரண்டக் குத்தஞ் சொல்றியே, மேல என்னன்னு பாத்தியா?"

தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பஞ்சு அடைத்திருந்தது. ஸ்பின்னிங் பிரிவில் பஞ்சு பறக்கும் என்பது ராஜபாளையத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெஷின்மேல் படியும் பஞ்சை ஊதித் தள்ள மேலே தண்டவாளத்தில் ஒரு பிளோயர் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஊதுகிற பஞ்சில் ஒரு பங்கு சுவருக்கு வந்து, என் பெட்டியின் தகடுகளுக்குள் குடியேறிவிட்டது. ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்து அண்ணாச்சி கூட்டிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் 84 இறங்கி 60-க்கு வந்து நின்றது.

மாணவ நண்பர்களே, இங்கேதான் நம் ஆய்வுக்கூடம் வருகிறது. இரண்டாம் ஆண்டில் லீஸ் டிஸ்க் பரிசோதனை செய்திருப்பீர்கள். மேலே நீராவி அறை, கீழே பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு அட்டை. சூட்டை மோசமாகக் கடத்தும் பொருள் எவ்வளவு மோசம் என்று அளக்கிற பரிசோதனை. ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரைந்து கையெழுத்து வாங்கியவன் நான். அலுமினியம் சூட்டைக் கடத்துகிற திறன் பஞ்சைப்போல சில ஆயிரம் மடங்கு என்பதும் நான் படித்ததுதான். பஞ்சு மெத்தையும் கம்பளியும் ஏன் கதகதப்பாக இருக்கிறதோ, அதே காரணத்தால் என் பெட்டிக்குக் காய்ச்சல் வந்தது. பரீட்சைக்குப் படித்தது பிழைப்பில் ஞாபகம் வரவில்லை. எட்டாவது வரை படித்த அண்ணாச்சிக்குத் தெரிந்தது.

அன்றைக்கே மேனேஜருக்கு இன்னொரு ரிப்போர்ட் எழுதினேன். முதல் ரிப்போர்ட் தவறு, அளந்து பார்க்காமல் எழுதியது, எர்த்திங் சரியாக இருக்கிறது என்று அளவுகளோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது பெட்டியின் விலையையும் திருப்பிக் கொடுத்தேன். அண்ணாச்சியின் இன்க்ரிமென்ட் வந்து சேர நாலு மாசம் ஆனது. ஒருவரைக் குற்றம் சொல்ல இரண்டு வரி போதும். அதைத் திருப்பி எடுக்க நாலு மாசம் வேண்டும்.

அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெட்டி சூடு என்று யாராவது சொன்னால், "எவ்வளவு சூடு?" என்பதைவிட "எப்ப சூடாகுது?" என்று முதலில் கேட்பேன். பெட்டியே தன் சூட்டைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். அதை ஒரு வாரம் கிராஃப் போட்டால் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும்.

மில்லில் நான் கிராஃப் போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? வாரா வாரம் மூன்று நான்கு டிகிரி மெல்ல மெல்ல ஏறியிருப்பது தெரிந்திருக்கும். ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து காற்று வீசி ஊரே குளிர்ந்தபோதும் அது ஏறிக்கொண்டே போனது. வெயில் காரணமென்றால் ஆடியில் இறங்கியிருக்க வேண்டாமா? வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் அது அழுக்கு.

இரண்டாவது உதாரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை. ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் பில் போடுகிற மெஷின் நின்றுவிட்டது. வாசல்வரை ஆட்கள் நிற்கிறார்கள், முதலாளி பேப்பரில் கணக்குப் போடுகிறார். "உங்க பெட்டியால பொழப்பே போச்சு" என்றார். கிராஃப் போட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குச் சூடு ஏற ஆரம்பித்து ஒன்பது மணிக்கு 78 டிகிரி. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும்போது 62 டிகிரி! சூரியனுக்கு நேர் எதிராக நடக்கிற பெட்டியை அன்றுதான் பார்த்தேன்.

சுவரைத் தடவிப் பார்த்ததும் விளங்கியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பால்கோவா அடுப்பு. காலையில் பால் காய்ச்சுகிற நேரம்தான் பெட்டிக்குக் காய்ச்சல் நேரம். திருவிழா சமயத்தில் அடுப்பு அணையாமல் எரிந்ததால் பெட்டி சாயங்காலம் வரை வெந்துகொண்டே இருந்திருக்கிறது. எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். காலையும் மாலையும் 60-ஐ ஒட்டியே நின்றது. செலவு, ஆறு மீட்டர் கேபிள். தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கடையில் இன்னொன்றும் பார்த்தேன். வாய் அகன்ற சட்டியில்தான் பால்கோவா கிண்டுகிறார்கள். பரப்பு அகலமாக இருந்தால் நீர் சீக்கிரம் வற்றும். ஹீட் சிங்க்கில் அத்தனை தகடுகள் வைப்பதும் பரப்பைக் கூட்டத்தான். அதன்மேல் தூசி படாமலிருக்கப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போடுகிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பாசத்தோடு செய்கிறார்கள். ஆனால் தாய்மார்களே, அந்த உறை அதற்குக் கம்பளிதான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது உதாரணம் ஒரு லாட்ஜ். அங்கே பகலில் 55 டிகிரி. நள்ளிரவு ஒரு மணிக்குச் சில நிமிடங்களில் விறுவிறுவென்று 70-ஐத் தொடும். சுத்தமான பெட்டி, காற்றோட்டமான இடம். உள்ளே பார்த்தால் பிராசஸர் நூற்றுக்கு நூறு வேலை செய்துகொண்டிருந்தது. லாட்ஜில் எல்லோரும் தூங்குகிறார்கள், பெட்டி யாருக்கு வேலை செய்கிறது? இணையப் பெயருக்கு முகவரி தேடித் தருகிற வேலையை, ஊர் பேர் தெரியாத வெளியாட்களுக்கெல்லாம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. வெளிப்பக்கக் கதவைச் சாத்தாமல் விட்டது நான்தான். சாத்தினேன், சூடு தணிந்தது. நிமிடக்கணக்கில் திடீரென்று ஏறினால் வேலைப்பளுவைப் பார்க்க வேண்டும். அங்கே சூடு வெறும் அறிகுறி. உண்மையான நோய் பாதுகாப்பு ஓட்டை.

ஆக, வாரக்கணக்கு என்றால் அழுக்கு, நாள்கணக்கு என்றால் இடம், நிமிடக்கணக்கு என்றால் வேலை. எல்லாக் கோளாறும் இதில் அடங்கிவிடாது. ஆனால் எங்கே தேடுவது என்று கைகாட்டும்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற மாணவர்களுக்கு இன்னும் நாலு செய்தி.

ஒன்று. ஃபேன் இல்லாத பெட்டி தொட்டால் சூடாக இருப்பது இயல்பு. சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். சிப் 90 காட்டும்போது வெளித்தகடு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால்தான் பயப்பட வேண்டும். சூடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. சிப்புக்கும் தகடுக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேட் காய்ந்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். புதுப் பேட் ஒட்டும்போது அதன்மேல் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தவர்களும் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

இரண்டு. தூரத்திலிருந்து சூடு பார்க்கிற துப்பாக்கியைப் பளபளப்பான அலுமினியத்தின் மேல் காட்டினால் அது பொய் சொல்லும். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வெளிவிடும். 63 டிகிரி தகட்டை 41 என்று எனக்கு ஒரு முறை காட்டியது. ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சற்றுப் பொறுத்து டேப்பின் மேல் காட்டுங்கள். உண்மை வரும். 2020-இல் கொரோனா சமயத்தில் வாங்கிய காய்ச்சல் துப்பாக்கி இதற்கு உதவாது. அது மனித உடம்புக்காகச் செய்தது.

மூன்று. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டு ஒரு மணி நேரமாவது பொறுங்கள். லீஸ் டிஸ்க்கில் நிலைத்த நிலை வரும்வரை காத்திருக்கச் சொல்வார்களே, அதேதான். பெட்டியைத் துடைத்து, இடம் மாற்றி, புது சாஃப்ட்வேரும் போட்டுவிட்டால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

நான்கு. "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்று சூட்டை அலட்சியம் செய்யாதீர்கள். உள்ளே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். பத்து டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தொழில்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். மூன்றரை வருஷத்துக்கு மேல். 75 டிகிரியில் 16,000 மணி நேரம். இரண்டு வருஷம்கூட இல்லை. மில் பெட்டியும் பால்கோவா கடைப் பெட்டியும் தங்கள் ஆயுளில் பாதியை அப்படித்தான் இழந்துகொண்டிருந்தன.

மில் பெட்டி இப்போது என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டடி உயர இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டோம். "மூடினா இன்னும் சூடாகாதா?" என்று அண்ணாச்சியே கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 வாட் சூடுதான். அந்த இரும்புப் பெட்டியின் முகமும் பக்கங்களும் சேர்ந்து அரைச் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. அதனால் உள்ளே காற்று ஆறேழு டிகிரி கூடுதலாகச் சூடாகும், அதோடு நின்றுவிடும். செங்குத்தான வழவழப்பான இரும்பில் பஞ்சு அதிகம் தங்காது. தங்கினாலும் ஒரு துணியால் துடைத்துவிடலாம். சிப் 66 டிகிரி. வெயில் காலத்தில் ஒன்றிரண்டு கூடும், குறையும். வாரம் ஒரு முறை துடைக்கிற வேலையை மில்லின் கிளீனிங் அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெட்டி இன்றுவரை மாற்றப்படவில்லை.

அண்ணாச்சி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எந்த மில்லில் புது வேலை எடுத்தாலும் முதல் நாள் அங்கே இருக்கிற எலக்ட்ரீஷியனோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் ஏணியைத் தொடுகிறேன். எந்த மூலையில் பஞ்சு அடையும், எந்தச் சுவர் வெயிலில் காயும், எந்த நேரத்தில் கரண்ட் தடுமாறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். என் லேப்டாப்புக்குத் தெரியாது.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு உங்களில் பலர் ரிப்போர்ட் எழுதுகிற நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். "காரணம்" என்று எழுதுவதற்கு முன்னால், அளந்தோமா, தொட்டுப் பார்த்தோமா, அங்கேயே நிற்கிற மனிதரைக் கேட்டோமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எடுக்காமல் முடிவு எழுதினால் நம் பேராசிரியர்கள் சிவப்பு மையால் கிழித்துப் போடுவார்கள். அந்தச் சிவப்பு மை எவ்வளவு பெரிய தர்மம் என்று எனக்குப் புரிய இருபத்து நான்கு வருஷம் ஆனது.

 சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.